கடைசி அடி பிளேட்டில் இல்லை

1

கொல்லிமலையில் எழுத்துக் கூட்டத் தெரிந்தவர்கள் சிலர்தான். இந்தப் பத்திரிகை கையில் கிடைத்தால் மற்றவர்களுக்கும் வாசித்துக் காட்டவும். மெதுவாக வாசிக்கவும். நானும் மெதுவாகத்தான் எழுதுகிறேன்.

என் பெயர் பெரியண்ணன். பெரக்கரை நாட்டுக்காரன். மலாயாவில் தைப்பிங் என்ற ஊரில் ரயில்பாதையில் வேலை. இந்த ஆடியோடு கப்பலேறிப் பன்னிரண்டு வருஷம்.

இங்கே மளிகைக்கடை வைத்திருக்கும் ராவுத்தருக்குச் சேந்தமங்கலம் சொந்த ஊர். ஊருக்குப் போயிருந்தவர் போன வாரம் திரும்பினார். எனக்கு ஒரு கடிதம் கொண்டுவந்தார். என் பெண்சாதியின் அண்ணன், என் மச்சான் சடையன், சொல்லச் சொல்ல ராவுத்தரே எழுதியது. ஐந்து வரி. ஐந்தையும் பத்துத் தடவைக்கு மேல் படித்துவிட்டேன். மச்சானுக்கு என்மேல் கோபமா இல்லையா என்று பிடிபடவில்லை.

முதலிலிருந்து எழுதிப் பார்த்தால் பிடிபடுமோ என்று எழுதுகிறேன்.

2

மலையில் நானும் மச்சானும் கூத்தாடினோம். நான் ராஜா வேஷம். அவர் பின்பாட்டு. கூத்துப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். முன்னால் நிற்கும் வேஷக்காரன் ஒரு அடி பாடுவான். பின்னால் தாளம் போடுகிறவர் அதை வாங்கித் திருப்பிப் பாடுவார். அந்த நேரத்தில்தான் வேஷக்காரன் மூச்சு வாங்குவான், ஆடுவான், அடுத்த அடியை நினைப்பான். கிரீடமும் புஜக்கட்டையும் சேர்ந்து ஒரு மூட்டை கனம். பின்பாட்டு இல்லாவிட்டால் மூன்றாம் பாட்டில் விழுந்துவிடுவான்.

சில பின்பாட்டுக்காரர்கள் பாடினதையே திருப்பிப் பாடுவார்கள். மச்சான் அப்படி இல்லை. ஒரு சொல்லை மாற்றிப்போட்டு வாங்குவார். ராஜா பெருமை பேசினால் அந்தப் பெருமையை ஓட்டை போட்டுத் திருப்பித் தருவார். சனம் சிரிக்கும். நான் ராஜா, சிரிக்கக் கூடாது. அது பெரிய கஷ்டம்.

சாமை இரண்டு வருஷம் பொய்த்தது. கங்காணி மலைக்கே ஏறி வந்து ஆள் எடுத்தான். நான், என் பெண்சாதி நல்லம்மாள், மச்சான், மூன்று பேரும் இறங்கினோம். மச்சானுக்கு மலையில் பெண்சாதி இருந்தாள். ஆறு மாசத்தில் வருகிறேன் என்று அவளிடம் சொன்னார். நான் என் அம்மாவிடம் அதையே சொன்னேன்.

பினாங்கில் கப்பல் விட்டு இறங்கினதும் முகாமில் ஒரு கிராணி பேரேட்டோடு உட்கார்ந்திருந்தான். கிராணி என்றால் இங்கே எழுத்தர். தொழில் என்ன என்று கேட்டான். கூத்து என்றேன். அதற்கு இடம் இல்லை என்று விவசாயம் என்று எழுதிக்கொண்டான். அதுவும் பொய்யில்லை. அடுத்து மச்சான்.

"அவுருக்கு எழுதினதே எனக்கும் எழுதிக்குங்க. நான் அவுருக்குப் பின்னால நிக்கற ஆளுங்க" என்றார்.

கிராணிக்கு ஒன்றும் புரியவில்லை. எழுதிக்கொண்டான்.

3

தோட்டத்தில் ரப்பர் மரம் சீவினோம். கோயில் திருவிழா வந்தது. கூத்துக் கட்டச் சொன்னார்கள். கூத்துக்கு ஆள் ஏது? ராஜா இருக்கிறான், பின்பாட்டு இருக்கிறார். ராணி இல்லை, மந்திரி இல்லை, கட்டியக்காரன் இல்லை, மத்தளம் இல்லை. கதையை எங்கே தொடங்குவது?

வேஷம் கட்டாமல் நின்றோம். சும்மா நின்றால் கல் விழும் போல இருந்தது. நான் எதையோ ஒரு அடி பாடினேன்.

*ஏழுமலை ஏறினாலும் தெரியாத தூரம்*

மச்சான் வாங்கினார்.

*தெரிஞ்சாலும் தூரம், அது தெரிஞ்சாலும் தூரம்*

கூட்டம் அமைதியானது. நான் அடுத்ததைப் பாடினேன்.

*பால்வடியும் மரமிருக்கு, காய்ச்சத்தான் ஆகாது*

*பூனைகூட நக்காது, அதப் பூனைகூட நக்காது*

சிரித்தார்கள். பொம்பளைகள் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள். பிறகு மூன்றாவது.

*ஆறுமாசம் போயிவாரேன் அம்மாகிட்டச் சொன்னேன்*

மச்சான் உடனே வாங்கவில்லை. தாளத்தை இரண்டு தட்டு தட்டினார். பிறகுதான் பாடினார்.

*எந்த ஆறுமாசமின்னு அவ கேக்கவே இல்லே, என்னெ அவ கேக்கவே இல்லே*

யாரும் சிரிக்கவில்லை. சிலர் எழுந்து போனார்கள். ஏன் போனார்கள் என்று மறுநாள்தான் தெரிந்தது. அழுவதற்குப் போயிருக்கிறார்கள்.

அன்று முதல் எங்களைப் பாட்டுக்காரர்கள் என்று கூப்பிட்டார்கள். எனக்குக் கூச்சமாக இருந்தது. வேஷம் போட்டவன் ராஜா. வேஷம் போடாமல் வாயில் வந்ததைச் சொல்கிறவன் யார்? மச்சானைக் கேட்டேன். எனக்கும் தெரியல மாப்ளே, கூப்புட்டாப் போவோம் என்றார்.

பக்கத்துத் தோட்டங்களிலும் கூப்பிட்டார்கள். ஒரு திருவிழாவுக்கு ஒரு பாட்டு புதிதாகக் கட்டினேன். கட்டினேன் என்று எழுதிவிட்டேன். முன்னடி நான் கட்டினேன். ஜனங்கள் மனப்பாடம் செய்துகொண்டது எல்லாம் மச்சான் வாங்கின அடி.

பாட்டின் கடைசி அடியில் கட்டினவன் பெயர் வரவேண்டும், அது எங்கள் பக்கத்து வழக்கம். நாங்கள் இப்படி முடிப்போம்.

*பெரியண்ணன் சொன்ன அடி, சடையன் வாங்கும் அடி, ரெண்டுபேரு பாட்டுங்க இது, ரெண்டுபேரு பாட்டு*

4

ரப்பர் விலை விழுந்த வருஷம் தோட்டத்தில் ஆள் குறைத்தார்கள். ஒரு குடும்பத்தில் சீவுகிற கை இரண்டு இருந்தால் வைத்துக்கொண்டார்கள். ஒற்றை ஆளை ஊருக்குத் திருப்பிக் கப்பலேற்றினார்கள். நல்லம்மாளும் சீவுவாள். நாங்கள் தங்கினோம். மச்சான் பெயர் கப்பல் பட்டியலில் வந்தது.

பினாங்கு துறைமுகம் வரை நானும் போனேன். மச்சான் தாளத்தை எனக்குக் கொடுக்கவில்லை, அவரே எடுத்துக்கொண்டார். உனக்கு எதுக்கு, ராஜா தாளம் போடறதா என்றார்.

படி ஏறுமுன் திரும்பினார்.

"எங்க பாடினாலுஞ் செரி மாப்ளே, கடைசி அடிய உட்றாதே. எம்பேரு அங்கதான் இருக்குது."

விடமாட்டேன் என்று கையில் அடித்துக் கொடுத்தேன். அவர் வேறு ஒன்றும் கேட்கவில்லை.

5

பிறகு தோட்டத்தை விட்டு ரயில்பாதைக்கு வந்தேன். கல் தட்டுவது, தண்டவாளத்துக்கு அடியில் கட்டை மாற்றுவது. பாட்டுக்குக் கூப்பிடுவார்கள், தனியாகப் போவேன். ஒரு அடி பாடிவிட்டு நிறுத்துவேன். கூட்டத்திலிருந்து யாராவது மச்சானின் அடியைப் பாடுவார்கள். எல்லோருக்கும் தெரியும். அதனால் எனக்கு ஒன்றும் வித்தியாசம் தெரியவில்லை.

போன வருஷம் கிராமபோன் பிளேட்டுக் கம்பெனி ஒன்று பினாங்கில் பாட்டு எடுக்கிறது என்றார்கள். ராவுத்தர்தான் என்னைக் கொண்டுபோய் விட்டார். கம்பெனி ஆள் மதராஸ்காரர். கண்ணாடிக்கு அந்தப்பக்கம் ஒரு வெள்ளைக்காரர். நிரப்பிக் கொடுக்க ஒரு பாரம் நீட்டினார்கள்.

இயற்றிப் பாடியவர் என்று ஒரு கோடு. இயற்றி என்றால் என்ன என்று கேட்டேன். பாட்டை உண்டாக்கினது யார் என்றார் மதராஸ்காரர். நாங்க என்றேன். நாங்கன்னா யாரு, நீர் ஒருத்தர்தானே வந்திருக்கீர் என்றார். இரண்டு பெயர் சொன்னேன். கோடு ஒன்றுதான் இருக்கிறது, வந்தவர் பெயரைத்தான் எழுத முடியும் என்றார். போகட்டும், கடைசி அடியில் மச்சான் பெயர் இருக்கிறதே, பாட்டிலேயே வந்துவிடும் என்று இருந்துவிட்டேன்.

சிவப்பு விளக்கு எரிந்தால் பாடவேண்டும். அணைந்தால் நிறுத்தவேண்டும். மெழுகுத் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷம்தான் பிடிக்கும் என்றார்கள். மூன்று நிமிஷம் எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. கூத்தில் ராஜா திரையை விலக்கி வெளியே வரவே அரை மணி ஆகும்.

விளக்கு எரிந்தது. ஏழுமலை என்று முதல் அடி பாடினேன். நிறுத்தினேன்.

அந்த அறையில் வாங்குவதற்கு ஆள் இல்லை. ஆர்மோனியக்காரர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். மச்சான் அடி எவ்வளவு நேரமோ அவ்வளவு நேரம் நின்றேன். பிறகு இரண்டாவது அடி.

விளக்கை அணைத்துவிட்டு மதராஸ்காரர் வந்தார். என்னய்யா நடுவில நடுவில நின்னுடறீர், மறந்துபோச்சா என்றார். பின்பாட்டுக்கு இடம் என்றேன். அந்த அடியையும் நீரே பாடும் என்றார். செரிங்க என்றேன்.

மறுபடி விளக்கு எரிந்தது. அவர் சொன்னபடி பாடத்தான் நினைத்தேன். வாய் வரவில்லை. அது என் அடி இல்லை. ராஜாவுக்கு என்று ஒரு அடி உண்டு, பின்பாட்டுக்கு என்று ஒரு அடி உண்டு. இருபது வருஷம் அப்படிப் பாடின வாய். இந்தத் தடவையும் நின்றேன். ஆர்மோனியக்காரர் பாவம் பார்த்து, நான் நின்ற இடத்திலெல்லாம் லேசாக இரண்டு கட்டை அமுக்கினார். மூன்றாவது அடியில் மதராஸ்காரர் ஓடு ஓடு என்று கையால் சைகை காட்டினார். அங்கே மட்டும் அவசரமாக அடுத்ததற்குத் தாவினேன்.

கடைசி அடிக்கு வாயைத் திறந்தேன். விளக்கு அணைந்தது.

இன்னும் ஒரு அடி இருக்கிறது என்றேன். தட்டு முடிந்துவிட்டது என்றார்கள். இன்னொரு தட்டு கேட்டேன். அடுத்த ஆள் காத்திருக்கிறார், இதுவே போதும் என்றார்கள்.

மச்சானுக்கு என்று விட்ட இடமே மச்சான் பெயரைத் தின்றுவிட்டது. ரயிலில் வரும்போதுதான் இது புரிந்தது.

6

பிளேட்டு வந்தது. நடுவில் வட்டக் காகிதத்தில், இயற்றிப் பாடியவர் கொல்லிமலைப் பெரியண்ணன் என்று போட்டிருந்தது. ராவுத்தர் கடையில் கிராமபோனில் வைத்தார். நல்லம்மாள் வாசலில் நின்று கேட்டாள். முடிந்தது.

"எங்கண்ணன் பேரு எங்கீங்க?" என்றாள்.

நடந்ததைச் சொன்னேன். தலையை ஆட்டினாள். அதற்குப் பிறகு அந்தப் பிளேட்டு ஓடுகிற இடத்தில் அவள் நிற்பதில்லை. என்னோடு பேச்சு இருக்கிறது, சோறு இருக்கிறது. பாட்டுப் பற்றிப் பேச்சு இல்லை.

தோட்டங்களில் பிளேட்டு நன்றாகப் போயிற்று என்றார் ராவுத்தர். மச்சான் அடி தெரிந்தவர்கள் பிளேட்டில் நான் நிற்கும் இடத்தில் கூடச் சேர்ந்து பாடுகிறார்களாம். தெரியாதவர்கள் சும்மா கேட்கிறார்களாம்.

என் மகள் காமாட்சிக்குப் பத்து வயசு. இங்கே பிறந்தவள். இங்கிலீஷ் பள்ளிக்கூடம் போகிறாள். மாமன் போனபோது அவளுக்கு மூன்று வயசு, முகம் ஞாபகமில்லை. பலாப்பழத்துக்கு மலாய்ப் பேர்தான் அவளுக்கு முதலில் வாயில் வரும். அவளும் அவள் கூட்டாளிகளும் என் பாட்டைப் பாடிக்கொண்டு கயிறு தாண்டுகிறார்கள். ஒரு அடி பாடுகிறார்கள், நிறுத்தி இரண்டு தரம் கை தட்டுகிறார்கள், அடுத்த அடி பாடுகிறார்கள். அந்த இடம் கை தட்டுவதற்கு என்று நினைத்திருக்கிறார்கள்.

கூப்பிட்டுச் சொன்னேன். அங்க ஒரு அடி இருக்குது கண்ணு, உங்க மாமன் பாடுவாரு என்று பாடிக் காட்டினேன். வீட்டுக்குள் என்றால் பாட வருகிறது.

அவள் கேட்டுவிட்டு, "அது பிளேட்டுல இல்லையேப்பா" என்றாள்.

இல்லைதான். கயிறு தாண்டப் போய்விட்டாள்.

7

ராவுத்தர் ஊருக்குப் புறப்பட்டபோது ஒரு பிளேட்டு கொடுத்து அனுப்பினேன். கூட ஒரு சொல் சொல்லி அனுப்பியிருக்கலாம். பேரை வேண்டுமென்றே விடவில்லை, விளக்கு அணைந்துவிட்டது என்று. எப்படிச் சொல்வது என்று தெரியாமல் விட்டுவிட்டேன். மலையில் விளக்கு அணைந்தால் எண்ணெய் ஊற்றிப் பாடுவோம். அது ஒரு காரணமா என்று மச்சான் கேட்பார்.

போன வாரம் ராவுத்தர் வந்ததும் கடைக்குப் போனேன். மூட்டைகளுக்கு நடுவில் உட்காரவைத்துச் சொன்னார்.

சேந்தமங்கலத்தில் அவர் தம்பியின் ஜவுளிக்கடையில் கிராமபோன் இருக்கிறது. மச்சான் சந்தைக்குப் பலாப்பழம் சுமந்துகொண்டு மலையிறங்கியிருக்கிறார். ஆள் அனுப்பிக் கூப்பிட்டிருக்கிறார்கள். கடைக்குள் வராமல் வாசலிலேயே பழத்தை இறக்கிவைத்துவிட்டு நின்றாராம். பிளேட்டு வைத்தார்கள். முதல் தடவை தலை குனிந்து கேட்டார். இன்னொருக்கா வையுங்க என்றார். இரண்டாம் தடவையும் தலை குனிந்தபடிதான். மூன்றாம் தடவை, நான் நின்ற இடத்தில் எடுத்துப் பாடினாராம்.

"தெரிஞ்சாலும் தூரம்னு அவர் வாங்கினதும் தம்பி முழத்துணிய அப்படியே கையில புடிச்சுக்கிட்டு நின்னுட்டான். சந்தையே வாசலுக்கு வந்துருச்சு. சடையன் பாடறாரா, பிளேட்டு பாடுதான்னு சனத்துக்கு வெளங்கல" என்றார் ராவுத்தர்.

கடைசி அடி பற்றி ஏதாவது கேட்டாரா என்றேன்.

ராவுத்தர் தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"கேக்கல பெரியண்ணா. பாட்டு முடிஞ்சுருச்சு. முள்ளு சும்மா கரகரன்னு சுத்திக்கிட்டு இருக்குது. சனமெல்லாம் கலையுது. அவர் மட்டும் நின்னுக்கிட்டே இருந்தார். ஏனுங்க நிக்கிறீங்க, முடிஞ்சு போச்சேன்னேன். இன்னும் ஒரு அடி இருக்குதுங்க, அது வரட்டும்னார்."

பிறகு?

"தம்பி முள்ளத் தூக்கிட்டான்."

அதன் பிறகுதான் கடிதம் சொல்லியிருக்கிறார். அதை அப்படியே எழுதுகிறேன்.

மாப்ளைக்கு. பாட்டு நல்லாருக்குது. எடம் உட்டுப் பாடியிருக்கறே, செரி. மூணாவது அடிக்கு எடம் பத்தல, எனக்கு மூச்சு முட்டுது. அடுத்த தடவ கொஞ்சம் கூட உடு.

இவ்வளவுதான். பெயர் பற்றி ஒன்றும் இல்லை. மறந்துவிட்டாரா? மறக்கிறவர் அப்படி நின்றிருக்க மாட்டார். மன்னித்துவிட்டாரா? நான் மன்னிப்பே கேட்கவில்லை, மன்னித்தார் என்று எப்படிச் சொல்வது? நல்லம்மாளுக்கு வாசித்துக் காட்டினேன். மறுபடி வாசிக்கச் சொன்னாள். அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். கோபமாங்கிறே என்று கேட்டேன். அண்ணனுக்குக் கோபம் வந்தா பேசும், பேசலீன்னாத்தான் எனக்குத் தெரியல என்றாள்.

கம்பெனியிலிருந்தும் இங்கிலீஷில் ஒரு காகிதம் வந்திருந்தது. காமாட்சி படித்துச் சொன்னாள். அதே பாட்டை மறுபடி எடுக்க வேண்டுமாம். இந்தத் தடவை நடுவில் நிற்கக் கூடாது, எல்லா அடியும் ஒரே ஆள் பாடவேண்டும். நின்றால் பிளேட்டு வெளியே வராது.

நிற்காமல் பாடினால் கடைசி அடிக்கு நேரம் இருக்கும், மச்சான் பெயர் வரும். ஆனால் அவர் அடியை நான் பாடியிருப்பேன். நின்று பாடினால் அவருக்கு இடம் இருக்கும், பெயருக்கு நேரம் இருக்காது. யாரிடம் கேட்பது? ரயில்பாதையில் கல் தட்டிக்கொண்டே ஒரு வாரம் இதைத்தான் நினைத்தேன். மேஸ்திரி இரண்டு தடவை திட்டினார்.

8

இதுவரை எழுதிவைத்துவிட்டுப் பினாங்கு போய்வந்தேன்.

காமாட்சியையும் கூட்டிப்போனேன். இந்தத் தடவை பாரம் இங்கிலீஷில் இருந்தது. அதே கோடு, ஒன்றுதான். எழுத்தைப் பொடியாக்கி இரண்டு பேரையும் எழுது கண்ணு என்றேன். எழுதினாள். சடையன் மாமா பேரை இங்கிலீஷ்ல எப்படி எழுதறது என்று கேட்டாள். எனக்கு எப்படித் தெரியும்? அவளாக ஏதோ எழுதினாள். மதராஸ்காரர் பார்த்துவிட்டு வாங்கிவைத்துக்கொண்டார். அச்சில் எப்படி வருமோ தெரியாது.

விளக்கு எரிந்தது.

எங்கள் நாட்டில் யாரும் செய்யாததைச் செய்தேன். மலையில் கேட்டால் சிரிப்பார்கள், கடைசி அடியை முதலில் பாடினேன். பெரியண்ணன் சொன்ன அடி, சடையன் வாங்கும் அடி. முதலிலேயே பெயரைச் சொல்லிவிட்டால் பிறகு விளக்கு எப்போது அணைந்தாலும் அதைப் பறிக்க முடியாது. பிறகு ஏழுமலை. நின்றேன். பால்வடியும் மரம். நின்றேன். மதராஸ்காரர் கண்ணாடி பக்கத்தில் தலையில் கை வைத்துக்கொண்டார். கூடாது என்று விரலை ஆட்டினார். ஆர்மோனியக்காரர் அதே ஆள்தான். கட்டையில் கை வைத்தார், என்னைப் பார்த்தார், எடுத்துவிட்டார்.

ஆறுமாசம் போயிவாரேன் என்று பாடினேன்.

மச்சான் முதல் நாள் செய்தது போலத் தாளத்துக்கு இரண்டு தட்டு விட்டேன். பிறகு அவர் அடி முழுசுக்கும் விட்டேன். அவருக்கும் வயசாகிவிட்டது, மலை இறங்கிவந்து பாடவேண்டும். அதனால் இன்னும் ஒரு மூச்சு கூடுதலாக விட்டேன்.

அந்த மூச்சிலேயே விளக்கு அணைந்தது.

மதராஸ்காரர் வெளியே வந்தார். பாட்டு பாதியில நிக்குதே ஐயா என்றார்.

"முடிஞ்சுருச்சுங்க" என்றேன்.

பிளேட்டு வெளியே வருமா என்று கேட்டேன். சொல்ல முடியாது என்றார். காமாட்சி என் கையைப் பிடித்துக்கொண்டு படி இறங்கினாள். ரயிலடிக்கு நடந்து வரும்போது, நீங்க நின்ன இடத்துல கை தட்டலாம்னு இருந்தேன், அப்புறம் தட்டலப்பா என்றாள்.

வீட்டுக்கு வந்தோம். மச்சானுக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். எடம் உட்டிருக்கறேன் என்று மட்டும் எழுதினேன்.